தேன்பெட்டியில் உண்ணி இருக்கிறதா? எண்ணிப் பார்க்கும் முறை

போன மாசி மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். இத்தாலியத் தேனீ வாங்கி அவருக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் காட்டிய பெட்டியின் வாசல் பலகையில் ஓர் இளம் ஈ நடந்துகொண்டிருந்தது. விளிம்புவரை வரும், பறக்கப் பார்க்கும், தரையில் விழும். எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் கசங்கிய நூல்துண்டு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறும் வழக்கத்தைவிடக் குட்டை. பெட்டிக்கு முன்னால் புல்லில் அதேபோல இன்னும் ஏழெட்டு ஊர்ந்துகொண்டிருந்தன.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்ணா இருந்துச்சு. வாரா வாரம் திறந்து பார்க்கறேன், ஒரு உண்ணிகூடக் கண்ணுல படலையே" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். வாரா வாரம் பார்த்திருக்கிறார், கண்ணில் படவும் இல்லை. வரோவா உண்ணி அப்படித்தான். பெட்டியைத் திறந்து நோட்டம் விட்டால் தெரியாது. நடக்கும் ஈயின் முதுகில் வெறுங்கண்ணுக்கு உண்ணி தெரிகிறது என்றால் நாம் ஏற்கனவே பிந்திவிட்டோம் என்று பொருள். அதனால்தான் புதிதாகப் பெட்டி வைப்பவர்களிடம் எல்லாம் நான் ஒன்றை வற்புறுத்துகிறேன்: மாதம் ஒரு முறை உண்ணியை எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. சமையலறையில் இருக்கும் பொருளே போதும்.

கீழே சொல்வது பெரும்பாலும் இத்தாலியத் தேனீக்கு. நம் இந்தியத் தேனீயின் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

வளர்ந்த பெண் உண்ணி செம்பழுப்பு நிறம். நீளம் 1.1 மி.மீ., அகலம் 1.6 மி.மீ. அளவில் இருக்கும். நீளத்தைவிட அகலம் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். தட்டையான ஒரு குட்டி நண்டு மாதிரி, எட்டுக் கால். ஆண் உண்ணி வெளுப்பாக, இன்னும் சிறியதாக இருக்கும். அது கண்ணறைக்குள்ளேயே, அதாவது அடையில் புழு வளரும் மூடிய மெழுகு அறைக்குள்ளேயே, பிறந்து அங்கேயே செத்துப்போவதால் நம் கண்ணில் படாது.

இந்தத் தட்டை உடம்புதான் அதற்கு வசதி. ஈயின் அடிவயிற்றுத் தகடுகளுக்கு நடுவே புகுந்து ஒட்டிக்கொள்கிறது. ஈயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். முக்கியமாக அது தின்பது ஈயின் உடம்பிலுள்ள கொழுப்புத் திசுவை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈக்கு நோயெதிர்ப்பும் சத்துச் சேமிப்பும் அங்கேதான் நடக்கின்றன. போதாக்குறைக்கு உண்ணி வைரஸையும் ஏற்றிவிடுகிறது. தம்பியின் பெட்டி வாசலில் கண்ட கசங்கிய இறக்கை அந்த வைரஸின் வேலை.

பெருகுவது மூடிய கண்ணறைக்குள். புழு வளர்ந்து மெழுகு மூடி போடுவதற்குச் சில மணி நேரம் முன்பு தாய் உண்ணி உள்ளே நுழைந்து, புழுவின் உணவுக்குள் ஒளிந்துகொள்ளும். மூடி விழுந்து ஏறக்குறைய மூன்று நாளில் முதல் முட்டை, அது ஆண். அப்புறம் சுமார் 30 மணி நேரத்துக்கு ஒரு பெண் முட்டை. வேலைக்கார ஈ 12 நாளில் மூடியைக் கடித்து வெளியே வரும்போது தாயும் வளர்ந்த மகள்களும் கூடவே வருகிறார்கள். ஆண் ஈயின் கண்ணறை இரண்டு மூன்று நாள் கூடுதலாக மூடியிருப்பதால் உண்ணிக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. புழு நிறைந்த பெட்டியில் உண்ணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மூடிய கண்ணறைக்குள் இருக்கும். வெளியே ஈக்களின் மேல் இருப்பது மிச்சம்தான், அதுவும் வயிற்றுக்கு அடியில். பார்த்தால் தெரியாமல் போவது இதனால்தான். மேலைநாடுகளில் பனிக்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்தும், உண்ணியின் பெருக்கமும் நிற்கும். நம் ஊரில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. வருடம் முழுக்க ஏதோ ஒரு அளவில் புழு இருக்கும், உண்ணியும் வருடம் முழுக்கப் பெருகும்.

என்னென்ன வேண்டும்

அகன்ற வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் ஜாடி, ஒரு லிட்டர் பிடிக்கும் ஊறுகாய் ஜாடி மாதிரி. அதன் திருகு மூடியின் நடுப்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு அங்கே கம்பி வலையைப் பொருத்துங்கள். ஹார்டுவேர் கடையில் ஏறக்குறைய 3 மி.மீ. கண்ணுள்ள வலை என்று கேட்டால் கிடைக்கும். வீட்டில் மிஞ்சிய கொசுவலையை ஒட்டிவிடாதீர்கள். அந்தக் கண்ணில் உண்ணி இறங்காது, ஜாடிக்குள்ளேயே தங்கிவிடும். நீங்களோ தட்டைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சந்தோஷப்படுவீர்கள்.

ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் 120 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கோடுவரை இத்தாலிய ஈயை நிரப்பினால் சுமார் 300 ஈ. இந்த 300தான் நம் கணக்குக்கு அடிப்படை.

வெள்ளைச் சர்க்கரையை மிக்ஸியில் மாவாக அரைத்து, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நாட்டுச் சர்க்கரை ஈரம் பிடித்துக் கட்டிதட்டும், வேண்டாம். இவற்றோடு ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு அகலமான பேசின், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், நோட்டு, பேனா. வழக்கமான முகவலை, புகைப்பான், உளி உங்களிடம் இருக்கும்.

சர்க்கரைக் குலுக்கல்

மழை நாளிலும் காற்றில் ஈரம் கனக்கும் நாளிலும் செய்யாதீர்கள். நான் ஒரு ஐப்பசி மாதம், அடைமழைக்கு நடுவே கிடைத்த ஒரு நாள் வெயிலில் செய்தேன். சர்க்கரை மாவு ஈக்களின் மேல் பசையாகப் பிடித்து, ஒரு உண்ணிகூட விழவில்லை. பெட்டி சுத்தம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். மார்கழிக்குள் அந்தப் பெட்டி போய்விட்டது. உலர்ந்த நாளில், காலை ஒன்பது பத்து மணிவாக்கில், மேய்ச்சல் ஈக்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

தேங்காய் மட்டை நார் புகை இரண்டு மூன்று வீச்சு போதும். புழு வளரும் கீழ்ப்பெட்டியைத் திறந்து, மூடாத புழு நிறைந்த சட்டம் (அடை கட்டிய மரச்சட்டம்) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் புழுவுக்கு ஊட்டும் செவிலி ஈக்கள் இருக்கும், உண்ணிக்கும் அவைதான் பிடித்த வாகனம். ஓரச் சட்டத்தில், தேனடையில் எடுத்த ஈயை வைத்துக் கணக்குப் போட்டால் உண்ணி குறைவாகத்தான் காட்டும்.

இப்போது நிதானம் வேண்டும். சட்டத்தின் இரண்டு பக்கமும் ராணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு முறை பாருங்கள். ராணி இருந்தால் அந்தச் சட்டத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். ராணி எங்கே என்று கண்டுபிடித்து, அந்தச் சட்டத்தைத் தனியே ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது இன்னும் நல்லது. ராணியைக் கண்டுபிடிக்கப் பழகாதவர்கள் அந்தப் பழக்கம் வந்த பிறகு இதைச் செய்யுங்கள். அதுவரை கீழே சொல்லும் பலகை முறை போதும்.

ராணி இல்லை என்று உறுதியானதும் சட்டத்தைப் பேசினுக்கு மேல் பிடித்து ஒரே உதறு. ஈக்கள் கொத்தாக விழும். அரை நிமிடம் பொறுத்தால் பறக்கத் தெரிந்த மூத்த ஈக்கள் கிளம்பிவிடும், மிஞ்சுவது இளசுகள். பேசினைச் சாய்த்து ஒரு மூலைக்குத் தட்டி, டம்ளரால் கோடுவரை அள்ளுங்கள். டம்ளரை ஒரு முறை தரையில் தட்டினால் ஈக்கள் அடங்கி மட்டம் சரியாகத் தெரியும். உடனே ஜாடியில் கொட்டி வலை மூடியைத் திருகிவிடுங்கள்.

வலை வழியாக இரண்டு பெரிய கரண்டி சர்க்கரை மாவைப் போட்டு, ஜாடியைப் படுக்கவைத்து ஒரு நிமிடம் மெதுவாக உருட்டுங்கள். எல்லா ஈயும் வெள்ளையாக வேண்டும். பிறகு நிழலில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். இந்தக் காத்திருப்பை யாரும் மதிப்பதில்லை, ஆனால் வேலை நடப்பதே இதில்தான். உண்ணியின் பாதப்பிடி சர்க்கரைத் தூளால் வழுக்குகிறது. ஈக்களும் தங்களைத் தாங்களே துடைத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. ஜாடியைக் காதருகே வைத்தால் உள்ளே ஓர் அடர்ந்த முனகல் கேட்கும்.

அப்புறம் ஜாடியை வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து, உப்புத் தூவுவதுபோல நன்றாக உலுக்குங்கள். மாவு வருவது நிற்கும்வரை, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். கை வலித்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பயந்து மெல்ல உலுக்கினால் எண்ணிக்கை பொய்யாகும். தட்டில் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரையும், செம்பழுப்புப் புள்ளிகள் மட்டும் மிதக்கும். சிலது காலை ஆட்டும். அவற்றை எண்ணுங்கள்.

ஜாடியிலுள்ள ஈக்களைச் சட்டங்களின் மேல் கொட்டிவிடலாம். மற்ற ஈக்கள் நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

சோப்புத் தண்ணீரில் கழுவுவது

எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமென்றால் இதுதான் முறை. அதே 300 ஈ, அதே ஜாடி. சர்க்கரைக்குப் பதில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில துளி கலந்த தண்ணீரோ மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டோ ஈக்கள் மூழ்க ஊற்றி, ஒரு நிமிடம் நன்றாகச் சுழற்றி, வலை வழியாகத் தட்டில் வடித்து எண்ண வேண்டும். ஈக்களை இன்னொரு முறை அலசி அந்த நீரையும் பாருங்கள்.

இதில் அந்த 300 ஈயும் செத்துப்போகும். எனக்கும் முதலில் மனம் வரவில்லை. ஆனால் நல்ல பருவத்தில் ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடுகிறது. அரை நாளுக்குள் ஈடாகிவிடும் இழப்புக்குத் தயங்கி, பெட்டியையே இழப்பது சரியில்லை. சர்க்கரையில் எண்ணிக்கை எல்லைக்கோட்டில் வந்தால் நான் அடுத்த நாளே சோப்பில் கழுவிப் பார்க்கிறேன். ஸ்பிரிட் தீப்பற்றும். புகைப்பானைத் தள்ளி வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அடிப்பலகையில் ஒட்டும் அட்டை

வெள்ளை அட்டையில் வாஸ்லைனோ தேங்காய் எண்ணெயோ பூசி, அடிப்பலகையில் செருகி, மேலே கம்பி வலை வைத்து ஈக்கள் அட்டையைத் தொடாமல் செய்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்து எடுத்து, விழுந்ததை எண்ணி மூன்றால் வகுத்தால் ஒரு நாளுக்கு எத்தனை உதிர்கிறது என்று தெரியும். பெட்டியைக் கலைக்காத முறை என்பது இதன் நன்மை. ஆனால் ஈ அதிகமுள்ள பெட்டியில் அதிகம் உதிரும், குறைந்த பெட்டியில் குறைவாக உதிரும். அதனால் பெட்டிக்குப் பெட்டி ஒப்பிட முடியாது. எறும்பு வேறு விழுந்த உண்ணியைத் தூக்கிப் போய்விடும். பெட்டித் தாங்கியின் கால்களுக்குக் கீழே கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் இருந்தால்தான் இந்த எண்ணிக்கையை நம்பலாம்.

ஆண் புழுவைத் திறந்து பார்த்தல், கூடவே இன்னொரு உண்ணி

சட்டத்தின் கீழ் ஓரத்தில், துப்பாக்கிக் குண்டு மாதிரிப் புடைத்த மூடிகள் ஆண் கண்ணறைகள். ஒரு முள்கரண்டியை மூடிகளுக்குக் கீழே பக்கவாட்டில் செருகி நெம்பினால் கூட்டுப்புழுக்கள் வரிசையாக வெளியே வரும். கண் இளஞ்சிவப்பாகத் திரும்பிய பருவம் பார்க்க ஏற்றது. வெண்மையான உடம்பின் மேல் செம்பழுப்பு உண்ணி பளிச்சென்று தெரியும். காலியான கண்ணறையின் சுவரையும் வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புத் துளி போல வெள்ளைத் திட்டு இருந்தால் அது உண்ணியின் எச்சம்.

திறக்கும்போது அடையின் மேல் மெல்லிய, நீளவாக்கான, விறுவிறுவென்று ஓடும் உண்ணி ஏதாவது தெரிகிறதா என்று கூர்ந்து பாருங்கள். அது ட்ரோபிலேலாப்ஸ். நீளம் 1 மி.மீ. அளவு, அகலம் அதைவிடக் குறைவு. வரோவாவுக்கு நேரெதிர் வடிவம். அதன் சொந்த வீடு மலைத்தேனீ. மலைத்தேனீ அடை தொங்காத பாறையும் தண்ணீர்த் தொட்டியும் நம் பக்கத்தில் குறைவு என்பதால், இத்தாலிய ஈ வைத்திருக்கும் நாம் இதையும் தேடியாக வேண்டும். இதன் வாய் வளர்ந்த ஈயைக் கடிக்காது, புழுவில்தான் பிழைப்பு. அதனால் ஈயைக் குலுக்கும் சர்க்கரை முறையில் இது பெரும்பாலும் தப்பிவிடும். ஈயை உதறிவிட்ட புழுச் சட்டத்தை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் கிடையாகப் பிடித்து, சட்டத்தின் ஓரத்தைத் தட்டில் இரண்டு முறை ஓங்கித் தட்டுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி இன்னும் இரண்டு முறை. இருந்தால் தட்டில் விழுந்து ஓடும். புழு இல்லாமல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் இதனால் தாங்க முடியாது. ராணியைச் சில வாரம் கூண்டில் அடைத்துப் புழு இல்லாமல் செய்தால் ஒழிந்துவிடும்.

எண்ணியதை என்ன செய்வது

300 ஈயில் விழுந்த எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று வரும். 9 விழுந்தால் நூற்றுக்கு 3. பல நாடுகளில் மருந்து வைக்கும் எல்லையாகக் கொள்வது இதைத்தான். நம் ஊரில் வருடம் முழுக்கப் புழு இருப்பதால் நான் இன்னும் கொஞ்சம் முன்பே விழித்துக்கொள்கிறேன். 300 ஈயில் மூன்று உண்ணிக்குக் கீழே விழுந்தால் அடுத்த மாதம் பார்த்தால் போதும். மூன்றிலிருந்து எட்டு என்றால் பதினைந்து நாளில் மறுபடி எண்ணுகிறேன். ஒன்பதைத் தொட்டால் தள்ளிப்போடுவதில்லை.

ஒரே எண் எப்போதும் ஒரே பொருள் தராது. பெட்டியிலிருந்து பழைய ராணியோடு ஒரு கூட்டம் பிரிந்துபோய்ப் புது ராணி இன்னும் முட்டையிடத் தொடங்காத சமயத்தில் எல்லா உண்ணியும் ஈக்களின் மேல்தான் இருக்கும், எண்ணிக்கை மிரட்டும். சூரியகாந்தி பூத்துப் புழு பெருகிய நேரத்தில் பாதிக்கு மேல் உள்ளே ஒளிந்திருக்கும், எண்ணிக்கை சாதுவாகத் தெரியும். அதனால் எண்ணிக்கையோடு அன்று எத்தனை சட்டத்தில் மூடிய புழு இருந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

மருந்தைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஃபார்மிக் அமில ஆவி மூடிய கண்ணறைக்குள்ளும் போகும். ரப்பர் பாலை உறையவைக்கிறார்களே, அதே அமிலம்தான். ஆனால் நம் வெயிலில் வேகமாக ஆவியாகிப் புழுவையும் ராணியையும்கூடக் கொல்லும், கையில் பட்டால் பொத்துவிடும். ஆக்சாலிக் அமிலம் ஈயின் மேலுள்ள உண்ணியை மட்டும்தான் கொல்லும், மூடிக்குள் எட்டாது. எதை, எவ்வளவு, எந்த மாதம் என்பதைப் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறையிலோ உங்கள் எண்ணிக்கையைக் காட்டிக் கேளுங்கள். தேன் எடுக்கும் பருவத்தில், தேன் சேரும் மேல்பெட்டியை வைத்துக்கொண்டு மருந்து வேண்டாம். அந்த நேரத்தில் மூடிய ஆண் புழு அடையை வெட்டி எடுப்பதே நல்ல குறைப்பு. ஆண் ஈ வெளிவர முட்டையிலிருந்து 24 நாள் ஆகும். அதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். மறந்தால் உண்ணிக்கு நாமே பண்ணை வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

இந்தியத் தேனீ வைத்திருந்தால்

வரோவா முதலில் நம் இந்தியத் தேனீ இனத்தின் உண்ணிதான். 1904இல் ஜாவாவில் இந்த இனத்து ஈயில்தான் அதை முதன்முதலில் கண்டு விவரித்தார்கள். இத்தாலிய ஈயை நாசம் செய்வது அதன் நெருங்கிய சொந்தமான வேறோர் இனம் என்று 2000இல் பிரித்து 'வரோவா டெஸ்ட்ரக்டர்' என்று பெயர் வைத்தார்கள். இந்தியத் தேனீ காலங்காலமாக இதோடு வாழ்ந்து பழகிவிட்டது. ஒன்றையொன்று துடைத்து உண்ணியைக் கடித்துப் போடும், உண்ணி புகுந்த வேலைக்காரப் புழுவை இழுத்து எறியும். பெருக்கம் பெரும்பாலும் ஆண் புழுவோடு நின்றுவிடும்.

அதனால் இந்தியத் தேனீயைச் சர்க்கரையில் குலுக்காதீர்கள். இந்த ஈ தொந்தரவு தாங்காது, பெட்டியை விட்டே ஓடிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பத்து இருபது ஆண் கண்ணறையைத் திறந்து பார்த்தால் போதும். அதன் ஆண் கண்ணறையின் மூடி கூம்பாக எழும்பி உச்சியில் குண்டூசித் துளை ஒன்று இருக்கும், அது இயல்பு. நோய் என்று நினைத்துப் பதறி எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு. இந்தியத் தேனீயில் நீங்கள் பயப்பட வேண்டியது மூடி போடும் முன்பே தலையைத் தூக்கியபடி, நீர்ப்பை போலச் செத்துக் கிடக்கும் புழுவுக்கு. அது தாய்லாந்தின் பெயரால் அழைக்கப்படும் 'தாய் சாக்புரூட்' வைரஸ் நோய். 1991-92இல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது அதுதான், உண்ணி இல்லை.

தம்பியின் பெட்டியை அன்றைக்கே சர்க்கரையில் குலுக்கினோம். 41 விழுந்தது. பக்கத்தில் திடமாகத் தெரிந்த இரண்டாவது பெட்டியில் 14, மூன்றாவதில் 2. முதல் பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டாவதில் ராணியைக் கூண்டில் அடைத்து, மூடிய புழுவெல்லாம் வெளிவந்த பிறகு பல்கலைக்கழகத்தில் கேட்டு வந்தபடி மருந்து வைத்தார். சித்திரையில் மறுபடி எண்ணியபோது 1. மூடியின் உட்புறத்தில் இப்போது சாக்பீஸால் தேதியும் எண்ணும் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த தேதி வைகாசி 10.